பந்து விழுந்த இடம்

நான் பத்தாவதோடு நின்றவன். வாராவாரம் இந்தப் பத்தியில் உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதே அதிகம். இந்த வாரம் விளையாட்டைப் பற்றி வேறு எழுதுகிறேன்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் சம்பந்தி வந்திருந்தார். ஆனைமலைக்காரர். மகளைக் கட்டிக்கொடுப்பதற்கு வெகுகாலம் முன்பே அவரைத் தெரியும் — வாலிபால் ஃபைனலில் எதிர் டீம். கடைசிப் பந்தை நான் அடித்தேன். அவுட் என்று நினைத்து அவர் தொடாமல் விட்டார். ரெஃப்ரி 'உள்ளே' என்றார். கப் எங்களுக்கு.

அவருக்கு? 'பந்தை விட்டவன்' என்ற பெயர். ஊரில் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அந்த மேட்ச் வீடியோ எங்கள் வீட்டில் உண்டு. காப்பிக்குக் காப்பி எடுத்தது. படம் முழுக்க மழை பெய்வதுபோல் கோடுகள். பந்து உள்ளேயா, வெளியேயா... யாருக்குத் தெரியும்? ஆனால் நான் குதிப்பது தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கும்.

அதை எடுத்தவர் துடியலூரில் கல்யாண வீடியோ எடுப்பவர். கடையைக் காலி செய்தபோது ஒரிஜினல் கேசட் கிடைத்ததாம். பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தனுப்பினார். சம்பந்தி இருக்கும்போதே டிவியில் போட்டோம்.

அப்படி ஒரு தெளிவு. சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு சாண் வெளியே புழுதி கிளம்பியது.



நான் குதித்து முடித்ததும் கேமரா வலைக்கு அந்தப் பக்கம் போனது. கல்யாணங்களில் அழுகிறவர்களைத் தேடிப் பழகிய கேமரா அல்லவா? பழைய காப்பியில் அங்கே ஏதோ மூட்டை கிடப்பதுபோல் இருக்கும். மூட்டை இல்லை — முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சம்பந்தி.

"ஏனுங்க," என்றாள் மனைவி. "அப்ப இத்தன வருசமா அடுத்தவங்க கப்பையா தொடச்சுட்டு இருந்தேன்?"

"பந்து வெளியதானுங்க சம்பந்தி," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதச் சொல்றதுக்குள்ள ஒரு கல்யாணமும் ரெண்டு பேரனும் ஆயிப்போச்சுங்க." பிறகு, "பேரனுக்குக் காட்டறதுன்னா பழசையே காட்டுங்க. இதுல நான் அழுகறது தெரியுது."

கப்பை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "பஸ்ல அத யாருங்க சொமக்கறது?" என்று மறுத்துவிட்டார்.

மங்கலான படத்தில் நம்மை மட்டும்தான் நமக்கு அடையாளம் தெரிகிறது. தெளிவான படம் எதிரே நின்றவரையும் காட்டிவிடுகிறது. காட்டிய வீடியோக்காரருக்கு நன்றி. அந்தப் பெயரையும் சுமந்துகொண்டு, என் மகளைத் தங்கமாக வைத்திருக்கும் சம்பந்திக்கு அதைவிட நன்றி.

மறுநாள் காலை அவர் பஸ் ஏறினார். ஷோகேஸில் கப் இல்லை. என் மனைவி அவர் பையில் வைத்து அனுப்பியிருந்தாள்.