ராயக்கோட்டை மலையில் பிரெஞ்சுக் கட்சி

என் பழைய மாணவிகளின் குழுவில் ஒரு பேச்சு சுற்றுகிறது. 1973இல் ராயக்கோட்டை மலையில் நான் ஒன்பது பெண்களைத் தொலைத்துவிட்டேனாம். நான் யாரையும் தொலைக்கவில்லை. ஒரு மணி நேரம் அவர்கள் இருக்குமிடம் தெரியவில்லை, அவ்வளவுதான். அங்கே போக விரும்புகிறவர்கள் வழி கேட்பதால், நடந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அப்போது தர்மபுரியில் ஒரு கான்வென்ட் பள்ளியில் சரித்திரம் நடத்தினேன். நானும் கான்வென்டில் படித்தவள்தான். இங்கிலாந்து ராஜாவும் பிரான்சு ராஜாவும் கடல் கடந்து நாடு பிடித்த பாடம் நடந்தபோது, ஒன்பதாம் வகுப்பு சரோஜா எழுந்தாள். "அவங்க சண்டைய அவங்க ஊர்லயே போட்டுக்க வேண்டியதுதானே டீச்சர், இங்க எதுக்கு வந்தாங்க?" நல்ல கேள்வி. பதிலை ஒரு கோட்டையில் வைத்துச் சொல்ல நினைத்தேன்.

சரோஜாவின் அப்பா விவசாயி. வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். மகளின் படிப்பை நிறுத்த இருந்தவரை இருமுறை நேரில் பார்த்துப் பேசித்தான் தொடர வைத்திருந்தேன். கோட்டைக்கு அனுப்பக் கேட்டபோது, "உங்க பேச்ச நம்பி அனுப்பறேங்க டீச்சர். பொழுது எறங்கறதுக்குள்ள புள்ள என் கண்ணுல படணும். இல்லீன்னா திங்கக்கெழம பள்ளிக்கூடம் கெடையாதுங்க" என்றார்.

ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். பாலக்கோடு வழியாக ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர். பஸ் கட்டணம் நினைவில்லை, நினைவில்லாததை எழுத மாட்டேன்.

அடிவாரத்தில் பெண்களை இரண்டாகப் பிரித்தேன். சிவப்பு ரிப்பன் ஆங்கிலக் கட்சி, நீல ரிப்பன் பிரெஞ்சுக் கட்சி. முதலில் உச்சியை அடைபவருக்குக் கோட்டை. ராஜாக்கள் கடலுக்கு அப்பால் இருப்பதால் என்னிடம் எதுவும் கேட்கக்கூடாது. உள்ளூர்க்காரர் ஆதரவைத் தேடிக்கொள்ளலாம். இந்தக் கடைசி விதியை நான்தான் சேர்த்தேன். அது இல்லாமல் அந்தச் சரித்திரமே இல்லை. நம் அரசர்கள் ஒருவரோடொருவர் மோதியபோது ஆளுக்கொரு வெள்ளைக்காரனைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆங்கிலக் கட்சியோடு நான் படிகளில் ஏறினேன். சரோஜா இருந்த பிரெஞ்சுக் கட்சி பள்ளி ஆயாம்மாவோடு பின்பக்கத்து ஆட்டுத் தடத்தில் போனது. ஒரு மணிக்கு நாங்கள் உச்சியில் இருந்தோம். பிரெஞ்சுக் கட்சி வரவேயில்லை. கூப்பிட்டுப் பார்த்தோம். பாறைதான் பதில் சொன்னது. ஊர் திரும்ப வேண்டிய மூன்று மணி பஸ்ஸையும் சரோஜாவின் அப்பாவையும் நினைத்துக்கொண்டே பின்பக்கமாக இறங்கினேன்.

அடிவாரத்து வயற்காட்டில் ஒரு மாட்டின் கொம்பில் நீல ரிப்பன் கட்டியிருந்தது. பக்கத்து வீட்டு வாசலில் ஒன்பது பேரும் வரிசையாக உட்கார்ந்து ராகிக் களி தின்றுகொண்டிருந்தார்கள். ஆயாம்மாவும்தான்.

"உடன்படிக்கை பண்ணிட்டோம் டீச்சர்" என்றாள் சரோஜா. "தெலுங்குல பேசினேன். ஒடனே ஒத்துக்கிட்டாங்க."

"கோட்டை?"

"அத அவங்களே வெச்சுக்கட்டும் டீச்சர். அங்க களி இருக்குதா?"

"ராஜா வூட்டுப் புள்ளைங்கன்னு சொன்னாங்க. பசியோட அனுப்ப முடியுங்களா? நீங்களும் உக்காருங்க" என்றார் அந்த வீட்டு அம்மாள். மறுத்தால் அவர் மனம் நோகும். ஆங்கிலக் கட்சியும் உட்கார்ந்தது. மூன்று மணி பஸ் போய்விட்டது.

அடுத்த பஸ்ஸில் தர்மபுரி வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. சரோஜாவின் அப்பா சைக்கிளோடு நின்றிருந்தார். நான் சொல்ல வந்ததைக் கேட்கவில்லை. "ஏறு" என்று மகளிடம் மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை காலை பிரார்த்தனை வரிசையை ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். சரோஜா தன் இடத்தில் நின்றிருந்தாள். பதினோராம் வகுப்பு முடியும்வரை அவள் வந்தாள். என் கணவர் இருந்தவரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நான் சிரித்ததில்லை.

போகிறவர்களுக்கு: ராயக்கோட்டை அன்று தர்மபுரி மாவட்டம், இன்று கிருஷ்ணகிரி மாவட்டம். வெயிலுக்கு முன் படிகளிலேயே ஏறுங்கள். தண்ணீர் எடுத்துப்போங்கள். திரும்பும் பஸ் நேரத்தை முதலில் கேளுங்கள். சாப்பிடச் சொன்னால் அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

சரோஜா, இதைப் படித்தால்: அன்று சைக்கிளில் போகும்போது உன் அப்பாவிடம் என்ன சொன்னாய்? போன் செய்ய வேண்டாம், காது சரியாகக் கேட்பதில்லை. எழுதி அனுப்பு.