நாக்கு நீட்டிய தேனீக்கள்

மாமாவின் தேனீக்களைக் கொன்றது குச்சனூர் சனீஸ்வரன்தான், அதுவும் என் சிபாரிசின் பேரில்தான் என்று நான் முழுசாக நம்பினேன். வழுக்கையும் தொப்பையுமான பிறகு இதைச் சொன்னால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அழுகைதான் வந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மில் வேலையை விட்டுவிட்டு, கையிலிருந்ததையெல்லாம் போட்டுத் தேனீப் பெட்டிகள் வாங்கி எங்கள் தோட்டத்து வரப்போரம் வைத்திருந்தார். கிட்டப் போகாதே என்றார். போனேன். ஒன்று உதட்டிலேயே கொட்டியது. உதடு பணியாரமாக வீங்கிவிட, பள்ளிக்கூடமே கூடி வேடிக்கை பார்த்தது. பெட்டிகளுக்கு முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டினேன். அதிலும் ஆத்திரம் தீராமல், சனிக்கிழமை அம்மாவோடு குச்சனூர் போனபோது, "இதுகளப் பிடிச்சுக்க சாமி" என்று ரகசியமாகக் கேட்டுக்கொண்டேன்.

சாமி அவ்வளவு சுறுசுறுப்பு என்று எனக்கென்ன தெரியும்? மறுநாளே பெட்டி வாசல்களில் தேனீக்கள் கும்பல் கும்பலாகச் செத்துக் கிடந்தன. குனிந்து பார்த்தேன். ஒவ்வொன்றும் நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தது. என்னைப் பார்த்துத்தான்.

மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "எவனோ வேணும்னே செஞ்சிருக்கான் மச்சான்."

"எறும்பா இருக்கும் மாப்ள" என்றார் அப்பா. அன்றைக்கு அதிசயமாகத் தன் சட்டையைத் தானே துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"எறும்பு எங்க இருக்கு, காட்டுங்க."

"அப்ப பனி."

வெயில் மண்டையைப் பிளந்தது. மாமா அப்பாவையே பார்த்தார். அப்பா சட்டையை உதறினார். "அப்ப பக்கத்துத் திராட்சைத் தோட்டத்துக்காரன்தான். அவனுக்கு உன்னயக் கண்டாலே ஆகாது."

மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். வரப்பில் கிடந்த அரிவாளையும் எடுத்துவிட்டார். எனக்கு அடக்க முடியவில்லை. குறுக்கே விழுந்து, "அவுக இல்ல மாமா, நாந்தான்!" என்று அழுதபடி வேண்டுதலைக் கக்கிவிட்டேன்.

மாமாவுக்கு வந்த கோபம் பாதியில் நின்றது. "ஏலே, நீ சொன்னா ஒங்க வீட்டு நாயே கேக்காது. சாமி கேட்டுச்சாக்கும்?"

ஆனால் அப்பா கேட்டுக்கொண்டார். ஜோசியக்காரரைத் தெருமுனையிலேயே திருப்பி அனுப்புகிறவர், எனக்குக் காய்ச்சல் என்றால்கூடத் தொட்டுப் பார்த்துத்தான் நம்புகிறவர், இதை மட்டும் அப்படியே நம்பினார். "சின்னப்பய வாக்கு பலிச்சிருச்சு மாப்ள. அந்த ஆள விட்ரு."

மாமா அரிவாளைக் கீழே போட்டார். தேனீக்கள் உயிரோடு மிஞ்சிய பெட்டிகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வருசநாட்டுப் பக்கம் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை பரிகாரம் செய்ய அப்பாவே என்னைக் குச்சனூருக்குக் கூட்டிப்போனார். எள் விளக்கு ஏற்றி, மன்னிப்புக் கேட்டு, கண்ணைத் திறந்து பார்த்தேன். அப்பா இன்னும் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பற்றித்தான் கோள் சொல்கிறார் என்று சந்தேகப்பட்டேன். திரும்பும்போது கேட்காமலேயே ஐஸ் வாங்கித் தந்ததும் சந்தேகம் உறுதியானது.

பூவில் பூச்சிமருந்தைக் குடித்த தேனீ நாக்கை நீட்டிக்கொண்டுதான் சாகும் என்று மாமா வெகுகாலம் கழித்து ஒரு விசேஷ வீட்டில் சொன்னார். அப்பா பக்கத்து இலையில்தான் இருந்தார். மாமா அவர் பக்கம் திரும்பவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியக்காலம் அப்பா எங்கள் பாகல் பந்தலுக்கு மருந்து அடித்திருந்தார். பந்தல் முழுக்கப் பூ.