யாரும் அழுத்தாமல் அடித்த ஃப்ளாஷ்

போன வருஷம் அரையாண்டு விடுமுறையில், மேல்விஷாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் நடந்தது இது. மணப்பெண், என்னோடு வேலை பார்க்கும் டீச்சரான என் தோழியின் தங்கை.

அந்த வீட்டில் பெண்கள் பக்கம் ஆண் போட்டோகிராஃபர் வரக் கூடாது. எனக்கோ கேமரா பைத்தியம். மிரர்லெஸ் கேமரா ஒன்று வாங்கி, பள்ளி ஆண்டு விழா, சர்ச் கிறிஸ்துமஸ் என்று எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். "மாடில லேடீஸ் மட்டும்தான். நீ வந்து எடுத்துக் குடு. எங்கம்மா ஆதார் கார்டுக்குத் தவிர போட்டோக்கே நின்னதில்ல. இவ சவுதிக்குப் போறாளேன்னு இப்பதான் ஒத்துக்கிட்டாங்க" என்றாள் தோழி. அந்த ஒரு வார்த்தைக்காகவே ஒப்புக்கொண்டேன்.

மாடியில் வெளிச்சம் கம்மி என்றதால் ஃப்ளாஷ் வாங்க வேலூருக்குப் போனேன். கடைக்காரர், கேமரா தலையில் செருகுகிற சாதாரண ஃப்ளாஷ் ஒன்றைக் காட்டி, "இதுவே போதும் மேடம். தலையத் திருப்பி சீலிங்ல அடிச்சா வெளிச்சம் மெத்துன்னு விழும்" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. பெரிய போட்டோகிராஃபர்கள் மாதிரி ஸ்டாண்டு, வெள்ளைக் குடை, அதற்குள் ஃப்ளாஷ் என்று வைத்தால்தானே பார்க்கிறவர்களுக்கு ஒரு மரியாதை வரும்? ஃப்ளாஷ் ஓரமாகத் தள்ளி நிற்கும்; கேமராவின் மேலே ட்ரிகர் என்ற சின்னப் பெட்டி இருக்கும். பட்டனை அழுத்தினால் ட்ரிகர் ரேடியோவில் சொல்ல, ஃப்ளாஷ் அடிக்கும். அதையே வாங்கினேன். பெட்டியை மூடும்போது ட்ரிகரின் ரேடியோ சேனலை மாற்றுவது பற்றி அவர் ஏதோ சொன்னார். நான் குடையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன்.

கல்யாணத்தன்று காலையில் எல்லாம் அமர்க்களமாக நடந்தது. மாடிக்கு வந்தவர்கள் தங்கள் போன்களைக்கூடப் பையை விட்டு எடுக்கக் கூடாது என்பதால், கேமரா என்று இருந்தது என்னுடையது ஒன்றுதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மணப்பெண்ணின் அம்மா முதலில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் போக்குக் காட்டினார். பிறகு மகளின் ஜிமிக்கியை மாட்டிவிட வந்தார். திருகாணி கீழே விழுந்து உருண்டு ஓட, இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து முட்டிக்கொண்டார்கள். அம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டே வாய்விட்டுச் சிரித்தார். மகள் அவர் தோளில் சாய்ந்து சிரித்தாள். எடுத்துவிட்டேன். சின்னத் திரையில் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. பிரிண்ட் போட்டுக் கொடுத்து அசத்த வேண்டும் என்று யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் கீழே நிக்காஹ் தொடங்கியது. நான் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு சர்பத் குடித்துக்கொண்டிருந்தேன். மூலையில் குடைக்குள் ஃப்ளாஷ் பளிச்சென்று அடித்தது. அப்புறம் இன்னொரு முறை. பிறகு வரிசையாக. முக்காடு விலக்கி உட்கார்ந்திருந்த பெண்கள் பதறிப்போய் முகத்தை மூடிக்கொண்டார்கள். கேமராவை அணைத்தேன், ட்ரிகரை அணைத்தேன். அப்போதும் அடித்தது. ஓடிப்போய் ஃப்ளாஷையே அணைத்த பிறகுதான் நின்றது.

ஆம்பூரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அத்தை எழுந்து நின்றார். "கேமராதான் ஆஃப்ல இருக்குதே. அப்போ போட்டோ எடுக்கறது யாரு? அந்தக் குடைக்குள்ள இன்னா வெச்சிருக்கீங்க?"

"எனக்கே தெரியலைங்க" என்றேன். உண்மைதான். ஆனால் கேட்கிறவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்?

"அவ என் தோஸ்த்து. நான் நம்பித்தான் கூப்ட்டேன்" என்று தோழி குறுக்கே வந்தாள். தங்கை போகிற வீட்டு மனுஷியிடம் எனக்காகப் பேசுகிறாள்.

"நல்லவங்களாவே இருக்கட்டும். நாளைக்கி எங்க பொண்ணுங்க மூஞ்சி எவன் போன்லயாவது வந்துச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

இப்போது யோசித்தால் அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அப்போது எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கேமராவிலிருந்து மெமரி கார்டை வெளியே எடுத்தேன். "இதுலதான் எல்லாம் இருக்குது. பாத்துக்கோங்க" என்று சொல்லி, எல்லார் முன்னாலும் இரண்டாக உடைத்துப் போட்டேன்.

மணப்பெண்ணின் அம்மா மெதுவாகக் கேட்டார்: "இன்னாத்துக்கு டீச்சர் ஒடச்சீங்க? யாரும் ஒடைக்கச் சொல்லலியே."

ஸ்டாண்டை மடக்கி எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். மாப்பிள்ளை வீட்டு போட்டோகிராஃபர் வாசலில் என்னைப் பார்த்துவிட்டு, "மேல நீங்கதானா மேடம்? காலைலேர்ந்து என் லைட்டு தன்னால அடிச்சு ஒரே பேஜார். உங்கள்து எந்த சேனல்?" என்றார்.

"சேனலா?"

என் ட்ரிகரை வாங்கிப் பார்த்தார். "அதான் விஷயம். ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே சேனல். நீங்க அழுத்துனா என்னுது அடிக்கும், நான் அழுத்துனா உங்கள்து அடிக்கும்." கீழே அவர் நிக்காஹை விடாமல் எடுக்க எடுக்க, என் ஃப்ளாஷ் மேலே அடித்திருக்கிறது. அவ்வளவுதான் மர்மம்.

தோழியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் மேலே போய்ச் சொல்ல, அந்த அத்தையே இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பா நெனச்சிட்டேன்மா. வாங்க, என் போன்லயே எடுங்க." மன்னிப்புக் கேட்க வேண்டியது நான். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மேலே போனேன். மணப்பெண் அழுது கண்மை கலைந்து புர்கா போட்டுக்கொண்டிருந்தாள். அவள் அம்மா, "இன்னொரு தரம் நிக்க மனசு வரல டீச்சர், உடுங்க" என்று திரும்பிக்கொண்டார்.

அந்தப் பெண் இப்போது சவுதியில் இருக்கிறாள். கல்யாண ஆல்பத்தில் ஆண்கள் பக்கம் நிரம்பி வழிகிறது. மாடியில் எடுத்தது ஒன்றுகூட இல்லை. தோழி எப்போதும் போலத்தான் பழகுகிறாள். அதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது.

மனசு கேட்காமல் ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்துவிட்டு அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். "திருகாணி வுழுந்துச்சே, அத எடுத்தீங்கல்ல? அதுல நான் எப்பிடி இருந்தேன்?" என்று கேட்டார். சொன்னேன். நெற்றியில் வைத்திருந்த கை, சாய்ந்திருந்த மகள், அவருடைய சிரிப்பு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அதற்கப்புறம் நான் போகும்போதெல்லாம் கேட்கிறார். நானும் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். அந்தப் படத்தைப் பார்த்தவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான். சொல்லச் சொல்ல அதில் இல்லாததை நானே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறேனோ என்று இப்போது பயமாக இருக்கிறது.