சூடாக அணைத்த எஞ்சின்

என் தங்கை புருஷனுக்கு நாங்கள் வைத்த பெயர் பூஸ்ட் மாப்பிள்ளை. அவர் முன்னால் அப்படிக் கூப்பிட மாட்டோம். கூப்பிட்டாலும் பெருமையாகத்தான் எடுத்துக்கொள்வார், அதுதான் அவரிடம் பெரிய தொல்லை.

பிழைப்புக்கு அவர் மெத்தை விற்கிறார். கடையில் நல்ல பெயர்தான். "படுத்துப் பாருங்க சார்" என்று சொல்லிவிட்டு ஸ்பிரிங்கைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். படுத்தவர் உண்மையாகவே தூங்கிப்போவார். எழுந்ததும் வெட்கப்பட்டுக்கொண்டு அதையே வாங்கிப் போவார். இந்தத் திறமையை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் நிம்மதியாகக் காலம் தள்ளலாம். இவர் நாலு வீடியோவைப் பார்த்துவிட்டுத் தன்னைப் பந்தய வீரர் என்று நம்ப ஆரம்பித்தார்.

வீட்டில் இருப்பது ஒரே கார். தங்கை நர்ஸாக இருந்த காலத்தில் சேர்த்து வைத்து வாங்கியது. சின்ன எஞ்சின், அதில் ஒரு டர்போ. அதொன்றும் பெரிய மாயம் இல்லை. புகை வெளியே போகிற வேகத்தில், ஒரு தண்டில் மாட்டிய சின்னச் சக்கரம் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும். அந்த அழுத்தத்துக்குப் பெயர்தான் பூஸ்ட். எவ்வளவு தள்ளலாம் என்று கம்பெனிக்காரன் ஒரு வரம்பு வைத்திருக்கிறான். மாப்பிள்ளை காருக்குள் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை விரித்து, ஒரு வயரைச் செருகி அந்த வரம்பை ஏற்றிவிட்டார். டர்போ மட்டும் கம்பெனி போட்ட அதே சின்ன டர்போ.

"கம்பெனிக்காரன் பயந்து பயந்து வச்சிருக்கான்க்கா," என்றார் என்னிடம். "உள்ள எவ்வளவு தெம்பு இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது."

நான் கார் சீட்டுக்கு உறை தைக்கிறவள். கார் விஷயத்தில் எனக்குத் தெரிந்தது பஞ்சும் ரெக்சினும்தான். ஆனால் ஆளைத் தெரியும். என் கடையில் ஒரு ரெக்சின் சுருளைப் பிடித்துக் கொடுக்கச் சொன்னால் இடுப்பு வலி என்று உட்கார்ந்துவிடுகிற ஆள் இவர்.

குழந்தை பிறந்ததும் தங்கை வேலையை விட்டிருந்தாள். எங்கெங்கோ கேட்டு அலைந்து, கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு ஆஸ்பத்திரியில், பிரசவ வார்டில், வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும், காலை ஷிப்ட். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது, கார் இருந்தால்தான் உண்டு. முதல் நாளே வராதவளுக்காக அங்கே யாரும் இடத்தைக் காலியாக வைத்திருக்க மாட்டார்கள். குழந்தையோடு தங்கிக்கொள்ளக் குவார்ட்டர்ஸ் தருகிறோம் என்று தலைமை நர்ஸ் சொன்னார். இவள் வேண்டாம் என்றுவிட்டாள். "அவருக்கு வேற இடத்துல தூக்கம் வராதுக்கா," என்றாள். ஊருக்கே மெத்தை விற்கிறவருக்கு!

அந்தத் திங்களுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் டிராக் டே வந்து தொலைந்தது. நம்முடைய காரை ரேஸ் டிராக்கில் ஓட்ட விடுகிற நாள் அது.

"இந்த வாரம் மட்டும் வேணாங்க," என்றாள் தங்கை.

"ரெண்டே ரவுண்டு, மெதுவா. என்னமோ காரைக் கடல்ல இறக்கப் போற மாதிரி பேசுற."

மெதுவாக ஓட்டுவதற்கு எதற்கய்யா டிராக் என்று நாக்கு நுனி வரை வந்தது. தங்கை முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். அவள் சண்டை போடவில்லை. குழந்தையை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு அவரோடு கிளம்பினாள். "கார் திரும்பி வரணும்ல, அதான்," என்றாள்.

டிராக்கில் விரட்டினால் டர்போ பழுக்கக் காயும். அதனால் கடைசி ரவுண்டை மெதுவாக ஓட்டி வர வேண்டும். நிறுத்திய பிறகும் எஞ்சினைக் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட வேண்டும். அப்போதுதான் ஆயில் ஓடி அந்தத் தண்டு ஆறும். சூட்டோடு அணைத்தால் உள்ளே நிற்கிற ஆயில் கருகிப் பிடித்துக்கொள்ளும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவர் சொல்லித்தான். எனக்குச் சொன்னார், தங்கைக்குச் சொன்னார், மெத்தை வாங்க வந்தவர்களையும் விடவில்லை.

முதல் தடவை ஓட்டிவிட்டு வந்து நின்றதும் போனைத் தூக்கிக்கொண்டு சில பேர் சூழ்ந்தார்கள். "கம்பெனி டர்போலயா இவ்வளவு பூஸ்ட் வச்சிருக்கீங்க?" என்று ஒருவன் கேட்டதுதான் தாமதம், மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. பேச ஆரம்பித்தார். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று அவன் காதைத் தொட்டுக் காட்டினான். உடனே இவர் எஞ்சினை அணைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "ரொம்ப முக்கியமான விஷயம். சூடா இருக்கும்போது எஞ்சினை ஆஃப் பண்ணவே கூடாது."

"என்னங்க, நீங்களே ஆஃப் பண்ணிட்டீங்களே," என்றாள் தங்கை.

"இரும்மா, ரெக்கார்டு ஆகுது!"

அதற்கப்புறம் ரெண்டு ரவுண்டு கணக்கெல்லாம் காற்றோடு போயிற்று. விரட்டுவார், வருவார், கூட்டத்தைப் பார்த்ததும் அணைப்பார், பிரசங்கம் செய்வார், மறுபடியும் போவார். மத்தியானத்துக்கு மேல் நேர்ப்பாதையில் வரும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் ஏறிக்கொண்டே போய்ப் பட்டென்று நின்றது. காருக்குப் பின்னால் வெள்ளைப் புகை டிராக்கை மூடியது. அங்கிருந்த மெக்கானிக் குனிந்து பார்த்தார். "தண்டு முறிஞ்சிருச்சு. ஆயிலை எல்லாம் எஞ்சின் குடிச்சிருச்சு. டர்போ போச்சு, எஞ்சினும் சந்தேகம்தான்."

மாப்பிள்ளை முகத்தில் கொஞ்சமாவது வெட்கம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். மருந்துக்குக்கூட இல்லை.

"போறதுக்கு முன்னாடி பூஸ்ட் எந்த நம்பரைத் தொட்டுச்சு தெரியுமா?" என்றார் தங்கையிடம். "இன்னைக்கு வந்ததுல யாரும் அதுக்குப் பக்கத்துலகூட வரல!"

"நாளைக்கு நான் எதுல போறது?"

"அது பாத்துக்கலாம்மா. கம்பெனி டர்போவே சொத்தை. பெருசா ஒண்ணு போட்டுட்டோம்னா..."

அதற்குள் கூட்டம் வந்துவிட்டது. ஓடுகிற டர்போவை விட உடைந்த டர்போவுக்குத்தான் ஆள் அதிகம். அவர் போன்கள் இருந்த பக்கம் திரும்பிக்கொண்டார். அதுவரை அந்த ஆள் மேல் எனக்கு இருந்தது வெறும் எரிச்சல். அந்த நிமிஷத்திலிருந்து துளி மதிப்பும் இல்லை.

ரெக்கவரி வண்டி வந்து காரை முதுகில் ஏற்றிக்கொண்டது. டிரைவருக்குப் பக்கத்தில் ரெண்டு பேருக்குத்தான் இடம். தங்கை ஏறி, என்னையும் கை கொடுத்து ஏற்றினாள். மாப்பிள்ளை ஓடிவந்தார். "நான்?"

"நீங்க பேசி முடிச்சுட்டு வாங்க," என்று கதவைச் சாத்தினாள்.

வழியில் நான், "காலையில என் கடை வேன்ல கொண்டு விடுறேன்டி," என்றேன்.

"நாளைக்கு விடுவ. அதுக்கப்புறம்?"

அப்போது போன் அடித்தது. அவர்தான். தங்கை ஸ்பீக்கரில் போட்டாள். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நான்கூட நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"ஏம்மா, லேப்டாப் கார்லயேவா இருக்கு? அந்த நம்பர் அதுலதான் பதிவாயிருக்கு. இங்க ஒருத்தனும் நம்ப மாட்டேங்கிறான். வெயில் படாம எடுத்து வையி."

"சரி," என்று வைத்துவிட்டாள். அப்புறம் அவளே ஒரு நம்பரைப் போட்டாள்.

"சிஸ்டர், நாளைக்கு டூட்டியில சேரப் போறவதான் பேசுறேன். அன்னைக்கு வேணாம்னு சொன்னேனே, குவார்ட்டர்ஸ், அது இன்னும் காலியா இருக்கா? இன்னைக்கு சாயங்காலமே வந்துடலாமா?"

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"இல்ல சிஸ்டர், அவர் வரல," என்றாள். "நானும் பாப்பாவும். ரெண்டு பேர்தான்."