தைப்பூசம் கழித்துப் போட்ட திருச்சி டிக்கெட்

பதுளை டவுனில் ஒரு புடைவைக் கடையின் மேல் மாடியில் இருந்தது எங்கள் டிராவல் ஏஜென்சி. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், டிக்கெட் புத்தகத்தைக் கையில் கொடுப்பதற்கு முன்பே முதலாளி ஒன்று சொன்னார்.

"எங்க போறாங்கன்னு கேளு, எப்பன்னு கேளு. ஏன் போறீங்கன்னு மட்டும் கேட்டுறாத புள்ள. அழுதுருவாங்க."

அவர் சொன்னதில் பிழையில்லை. அப்போது வந்தவர்களில் பாதிப் பேர் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகும் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள். கைக்குழந்தையை யாரிடம் விட்டுப் போகிறாய் என்று எந்த வாயால் கேட்பது? நானும் மடுல்சீமைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்தவள்தான். கேட்காமல் இருப்பது எனக்கும் வசதியாகவே இருந்தது.

அன்றைக்கு டிக்கெட் என்றால் சிவப்புக் கார்பன் பூசிய தாள். ஒரு சீட்டை உறுதி செய்யக் கொழும்புக்கு போன் போட்டுக் காத்திருக்க வேண்டும். மழை பிடித்தால் லைன் இருக்காது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுக்கு வரும் ப்ளேன் கம்பெனிகள் கூடின. திருச்சிக்கும் சென்னைக்கும் பஸ் மாதிரி ப்ளேன் ஓடத் தொடங்கியது. விலையும் நாளுக்கொன்றாக ஏறி இறங்கியது. எது எப்போது இறங்கும் என்பதில் நான் புலி. "அந்த மிஸ்கிட்ட கேட்டுப் போடு" என்று நமுனுகுலவிலிருந்து எல்ல டவுன் வரை சொல்வார்கள். அந்தப் பேச்சு எனக்குத் தலைக்கேறியிருந்தது.

ஒரு மார்கழியில் நமுனுகுல பக்கத் தோட்டத்திலிருந்து செல்லம்மா என்றொரு அம்மா வந்தார். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் உட்காரச் சொல்லவில்லை.

"திருச்சிக்கு ஒரு டிக்கெட் வேணும் மிஸ். எப்ப கெடைச்சாலும் போறேன்."

பாஸ்போர்ட்டும் விசாவும் கையில் தயாராக இருந்தன. திரையில் மறுநாள் ப்ளேனில் நாலு சீட் காட்டியது. விலையைப் பார்த்ததும் என் புலித்தனம் முழித்துக்கொண்டது.

"அம்மா, இப்ப சபரிமலை சீசன். ப்ளேன் பூரா சாமிமாருதான். தைப்பூசம் முடிஞ்சு வாங்க, பாதி விலையில போட்டுத் தாறேன்."

அவர் பாஸ்போர்ட்டைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். "நீங்க சொன்னா சரிங்க மிஸ்" என்று படியிறங்கிப் போய்விட்டார். ஓர் ஏழை அம்மாவுக்கு உதவினேன் என்று அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம்.

தைப்பூசத்துக்கு மறுநாள் காலையிலேயே வந்து நின்றார்.

"வெல கொறைஞ்சிருச்சுங்களா மிஸ்?"

"பாதிதாம்மா! நான் சொன்னேன்ல?" என்று திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"கருமாதிக்குத்தான் போக முடியல. அண்ணியையாவது பாத்துட்டு வந்திர்றேன்."

"யாருக்கும்மா கருமாதி?"

"எங்கண்ணனுக்கு. பொங்கலுக்கு முந்தி போயிட்டாரு."

அவர் சிறுமியாக இருந்தபோது, இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர் அந்த அண்ணன். பதுளை ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டதுதான் கடைசி. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு தங்கச்சியைப் பார்க்கவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அதற்காகத்தான் செல்லம்மா அன்று மார்கழியில் வந்திருக்கிறார்.

"ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

"நீங்க கேக்கலயே மிஸ்." குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. "காசு முழுசா கொண்டாந்துதான் இருந்தேன். ப்ளேன் பூரா சாமிமாருன்னு சொன்னீங்க, எடமில்லன்னு நெனச்சுட்டேன். சாவுச் சேதி வந்தப்பவும் அதான் வரல. நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க."

எழுந்துபோய் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அப்போதும் நுனியில்தான் உட்கார்ந்தார். பாஸ்போர்ட் நம்பரை மூன்று முறை தப்பாக அடித்தேன். விசாவோடு வருகிறவர் அவசரத்தோடு வருகிறார் என்பது தொழில் தெரிந்த எவளுக்கும் புரிந்திருக்க வேண்டும். மேசைக்குப் பின்னால் இருப்பவர் சொன்னால் தோட்டத்து மனிதர் மறுத்துப் பேசமாட்டார் என்பது லயத்தில் பிறந்த எனக்காவது புரிந்திருக்க வேண்டும். இரண்டும் எனக்குத் தெரியும். இரண்டும் அன்று உதவவில்லை.

இப்போது ஏஜென்சி இல்லை. எல்லாரும் போனிலேயே டிக்கெட் போட்டுக்கொள்கிறார்கள். அது எங்கே, எப்போது என்று மட்டும் கேட்கிறது. ஏன் என்று கேட்பதில்லை. அதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இந்தத் தொழிலில் இன்னும் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: முதலில் உட்காரச் சொல்லுங்கள், ஏன் போகிறீர்கள் என்று கேளுங்கள், அப்புறம் விலையைப் பாருங்கள். நான் கேட்டிருந்தால், செல்லம்மா அன்று மாலையே பஸ் ஏறி, மறுநாள் அண்ணனின் கட்டிலருகே நின்றிருப்பார்.