வெள்ளையாக இருந்த ஃபில்டர்

பள்ளி திறக்க ஐந்து நாள் இருக்கும்போது என் வேன் இரண்டாம் முறையாகப் புகைச் சோதனையில் தோற்றது. சோதனை நிலைய அதிகாரி ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தார். பின்னால் குபுகுபுவென்று வந்த கரும்புகையைப் பார்த்துப் பக்கத்து வரிசை லோரிக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அதுவும் ஒரு லோரிக்காரர்! அந்த அவமானம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"காக், ககால் லாகி," என்றார் அதிகாரி மலாயில். அக்கா, மறுபடியும் ஃபெயில்.

கிள்ளானில் பதினொரு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறேன். அதற்கு முன்பு சுங்கை வே தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் வேலை. பாத்ரூம் போகக்கூடச் சூப்பர்வைசர் ஒருத்தியிடம் கை தூக்கிக் கேட்க வேண்டும். இந்த டீசல் வேன் வந்த பிறகுதான் எனக்கு நானே முதலாளி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனையில் பாஸ் ஆனால்தான் பிள்ளைகளை ஏற்றலாம். வெள்ளிக்கிழமைக்குள் பாஸ் ஆகாவிட்டால் வேறு வேன் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதினாறு பிள்ளைகளின் பெற்றோருக்கும் வாட்ஸ்அப் குழுவில் நானே எழுதினேன். வேறு வேனுக்குப் போன பிள்ளை திரும்பி வராது.

"வயசான வண்டிமா, எத்தன நாளைக்கு மல்லுக்கட்டுவ? வித்துடலாம் லா," என்றார் என் கணவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்கும்தான் வயதாகிறது, நான் விற்றேனா?

பட்டறைக்காரர் கெட்டவர் இல்லை. முதல் தடவை தோற்ற அன்றே வண்டியைப் பார்த்தார். "கருப்புப் பொகைன்னா ரெண்டே காரணம்தான் அக்கா. டீசல் ஜாஸ்தி, இல்லாட்டி காத்து கம்மி," என்றவர், காற்று ஃபில்டரைக் கழற்றி என் முகத்துக்கு நேராகக் காட்டினார். மாற்றி நாலு மாதமாகியும் வெள்ளை வெளேரென்று இருந்தது. "பாருங்க, புதுசு மாதிரி. காத்துல கொறையே இல்ல. வண்டிய நல்லா வச்சிருக்கீங்க அக்கா." எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாராட்டுக்கு நான் எப்போதுமே கொஞ்சம் மயங்கிவிடுவேன்.

காற்றில் குறை இல்லையென்றால் டீசல் பக்கம்தான். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நோசல்களைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார். அதோடு போய்த்தான் இரண்டாம் முறையும் தோற்றேன். இனி டீசல் பம்பைக் கழற்ற வேண்டும், ரெண்டு வாரம் ஆகும் என்றார். எனக்கு இருந்ததோ வெள்ளிக்கிழமை வரைதான்.

வியாழக்கிழமை காலை. செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் வேனைத் துடைக்க ஆரம்பித்தேன். கோபம் வந்தால் எதையாவது தேய்ப்பது என் பழக்கம். டேஷ்போர்டில் ஒரு இழுப்புதான் இழுத்தேன், ஈரத்துணி கரியாக வந்தது. அதில் ஆச்சரியம் இல்லை. நான் ஓடுவது துறைமுகச் சாலை. முன்னாலும் பின்னாலும் கண்டெய்னர் லோரிகள். வீடு வருவதற்குள் என் சட்டைக் காலரே அழுக்காகிவிடும்.

கையில் அந்தத் துணியோடு அப்படியே நின்றுவிட்டேன். என் காலர் ஒரே நாளில் கறுக்கிறது. அதே சாலையில் நாலு மாதம் காற்று இழுத்த ஃபில்டர் மட்டும் எப்படி வெள்ளையாக இருக்கும்? அது சுத்தமாக இருந்தது என் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை. ஃபில்டர் வரைக்கும் காற்றே சரியாகப் போய்ச் சேரவில்லை!

என் வேனில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கி, வெளிக்காற்றை ஃபில்டர் டப்பாவுக்குக் கொண்டுவரும் குழாயை அதன் வாய்வரை விரலாலேயே தடவிக்கொண்டு போனேன். டார்ச் அடித்தேன். உள்ளே ஏதோ இருந்தது. சட்டை மாட்டும் கம்பியை நிமிர்த்திக் கொக்கி போல வளைத்து இழுத்தேன். வந்தது ஒரு மஞ்சள் துணி. புழுதி அப்பி ரொட்டி மாதிரி தடித்துப்போயிருந்தது.

யார் வைத்தது என்று கேட்க வேண்டாம். நான்தான். அம்மன் கோயிலில் வண்டிக்குப் பூஜை போட்டு, விபூதியும் குங்குமமும் வைத்து முடிந்து கொடுத்த துணி. பின்பார்வைக் கண்ணாடியில் கட்டியிருந்தேன். போன சோதனையில் பாஸ் போட்ட அதிகாரி, பார்வையை மறைக்கிறது, கழற்றிவிடு என்றார். கழற்ற மனம் வருமா? ரொம்ப சாமர்த்தியமாக, அடுத்த சோதனையிலும் யார் கண்ணிலும் படாதபடி சீட்டுக்கு அடியில் அந்தக் குழாயின் வாயிலேயே கட்டிவிட்டேன். கட்டு நழுவ, எஞ்சின் அதை உள்ளே இழுத்துக்கொண்டது. சோதனைக்குப் பயந்து ஒளித்து வைத்ததே சோதனையில் என்னைக் கவிழ்த்தது. அதன் மேல்தான் ஆறு மாதமாக ஜம்மென்று உட்கார்ந்து ஓட்டியிருக்கிறேன். "மன்னிச்சுக்கோம்மா, உன் குத்தம் இல்ல, என் குத்தம்," என்று அம்மனிடம் சொல்லித் துணியை அலசிப் பூஜை அலமாரியில் வைத்தேன்.

பிறகு கணவரை இழுத்து வந்து ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்தேன். நான் பின்னால் போய் வெள்ளைத் துண்டைப் பிடித்துக்கொண்டேன்.

"மிதிங்க!"

"மிதிக்கிறேன் லா!"

"இன்னும் மிதிங்க, தரையோட!"

பக்கத்து வீட்டு ஆன்டி கேட்டுக்கு வந்துவிட்டார். துண்டில் லேசாகச் சாம்பல் நிறம், அவ்வளவுதான். கணவர் இறங்கி வந்து துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் துண்டைப் பார்த்தார். "விக்கறதுக்கு என்ன அவசரம் லா," என்றார்.

பட்டறைக்காரருக்குப் போன் போட்டேன். "பம்ப கழட்ட வேண்டாம் பாஸ். காத்துதான் கம்மி." "என்னக்கா சொல்றீங்க, ஃபில்டர்தான் புதுசு மாதிரி இருந்துச்சே!" என்றார். அந்தத் தடுமாற்றம் எனக்குத் தேன்போல இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை முதல் வரிசையில் நின்றேன். அதே அதிகாரி. ஒருமுறை மிதித்தார், இரண்டாம் முறை, மூன்றாம் முறை. ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தார். கடைசியில் இறங்கிப் பின்னால் போய், சோதனைக் கருவியின் முனை புகைக்குழாய்க்குள்தான் இருக்கிறதா என்று குனிந்தே பார்த்தார்.

"லுலுஸ், காக்." பாஸ். நோசலை மாற்றினாயா, பம்பை மாற்றினாயா என்று மலாயில் கேட்டார். ஒன்றையும் மாற்றவில்லை என்றேன்.

"அப்படியானால் எந்த மெக்கானிக் பார்த்தது?"

"நான்," என்றேன்.

வெளியே வந்து வண்டியை ஓரம் கட்டிக் குழுவில் எழுதினேன்: "திங்கட்கிழமை காலை ஆறே காலுக்குக் கிளம்பி வழக்கம்போல ஒவ்வொரு வாசலாக வருவேன். பிள்ளைகளைத் தயாராக நிற்கவையுங்கள். ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க மாட்டேன்."

திங்கட்கிழமை பதினாறு பேரும் அவரவர் வாசலில் நின்றார்கள்.