எனக்கு முன்னால் சேலம் போன பை

மயிலாப்பூர்க்காரனுக்கு வெளியூர் போகத் தெரியாது. போகிறவனுக்கு யோசனை சொல்ல மட்டும் பேஷாகத் தெரியும். எவனாவது சைதாப்பேட்டைக்கு அப்பால் டிக்கெட் வாங்கப் போகிறான் என்று மூச்சு விட்டால் போதும், சாயங்காலம் குளத்தங்கரையில் காற்று வாங்குகிற அத்தனை பேரும் அவனைச் சூழ்ந்துகொள்வார்கள். அந்த ஊர்த் தண்ணீர் உப்பு, அந்த ஊர் வண்டிக்காரன் போக்கிரி, அந்த ஊர் ஓட்டலில் சாம்பாருக்குப் புளியே போடமாட்டான் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அந்த ஊரை நீங்கள் பார்த்ததுண்டா என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. அது மரியாதைக் குறைவு.

இந்த மகாசபைக்குத் தலைவர் என் மாமா, அம்மாவின் அண்ணா. அப்பா காலமான பிறகு நானும் அம்மாவும் அவர் வீட்டில்தான் இருந்தோம். மாமா செங்கல்பட்டைத் தாண்டி ஒரு ஊரும் கண்டவர் இல்லை. ஆனால் அவரிடம் ஒரு ரயில்வே கைடும் ஒரு பஞ்சாங்கமும் இருந்தன. சாப்பாடு ஆனதும் இரண்டையும் மடியில் விரித்துக்கொண்டு உட்காருவார். எந்த வண்டி எந்த ஜங்ஷனில் எத்தனை நிமிஷம் நிற்கும் என்பது அவருக்கு அத்துப்படி. கல்கத்தா போகிறவன்கூட அவரிடம் வந்து கேட்டுக்கொண்டுதான் போவான்.

அது முப்பதுகளின் ஆரம்பம். பி.ஏ. பாஸ் பண்ணினவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் சும்மா உட்கார்ந்திருந்த காலம். நானும் பௌதிகத்தில் முதல் வகுப்பு வாங்கிவிட்டு மூன்று வருஷமாக மாமா வீட்டு ஊஞ்சலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மாமா ஒருநாளும் முகம் கோணியதில்லை. அம்மாதான் எனக்கு இரண்டாவது தடவை சாதம் போடும்போது மாமியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போடுவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கேயாவது தொலைந்து போய்விடலாம் போல் இருக்கும். ஒரு வேலை கிடைத்தால் அம்மாவை அழைத்துக்கொண்டு தனியாகப் போய்விடலாம். அப்போதுதான் சேலத்தில் ஒரு ஹைஸ்கூலிலிருந்து கடிதம் வந்தது. சயன்ஸ் வாத்தியார் வேலை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அசல் சர்டிபிகேட்டுகளுடன் நேரில் வர வேண்டும்.

கடிதத்தைப் பார்த்ததும் மாமா பஞ்சாங்கத்தைப் பிரித்தார். சேலத்துக்கு வந்தது சனி.

"ஞாயித்துக்கிழமை மேற்கே சூலம்டா! ஆத்தை விட்டு அடி எடுத்து வெக்கப்படாது."

"ஞாயித்துக்கிழமை காலம்பற வண்டியை விட்டா இண்டர்வியூவே போயிடும் மாமா."

"சனிக்கிழமையே கெளம்பேன்."

"சத்திரத்துல ஒரு ராத்திரிக்குத்தான் இடம் குடுப்பாளாம். அதுக்கு முன்னாடி போய்த் தெருவிலயா நிக்கறது?"

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ பரஸ்தானம் வெச்சுட வேண்டியதுதான்," என்றார்.

பரஸ்தானம் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நல்ல நேரத்தில் ஆள் கிளம்ப முடியாவிட்டால் அவனுடைய சாமான் ஒன்று கிளம்பும். போகிற திசையில் யாராவது வேண்டியவர் வீட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். மறுநாள் ஆள் போய் அதை எடுத்துக்கொண்டு மேலே போவான். பஞ்சாங்கத்தின் கணக்கில் அவன் முதல் நாளே புறப்பட்டாயிற்று. சூலம் ஏமாந்து நிற்கும். இப்படி ஒரு உபாயம் கண்டுபிடித்தவன் நிச்சயம் வக்கீலாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

மாம்பலத்தில் புதிதாக வீடு கட்டிக்கொண்டு போன சிநேகிதர் ஒருவர் மாமாவுக்கு இருந்தார். மயிலாப்பூருக்கு மாம்பலம் மேற்கு. அங்கே வைப்பதென்று முடிவாயிற்று. "ஒரு வேஷ்டி, மஞ்சத் துணியிலே ஒரு தேங்கா. அது போறும்," என்றார் மாமா. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீராவிக்குத் திசை தெரியுமா, இஞ்சின் பஞ்சாங்கம் பார்க்குமா என்று அம்மாவிடம் பிரசங்கமே செய்தேன். "சிரிக்காதேடா, நல்ல காரியம்," என்றாள் அம்மா.

சிரித்தவன் என்ன செய்தேன் தெரியுமா? யாரும் இல்லாத சமயம் பார்த்து என் சர்டிபிகேட் உறையையும் அந்தப் பைக்குள் சொருகினேன். தேங்காய் நல்ல நேரத்தில் கிளம்பி எனக்கு என்ன ஆக வேண்டும்? வேலை வாங்கித் தரப் போவது சர்டிபிகேட் அல்லவா? சனிக்கிழமை காலை ஏழரைக்கு மேல் நல்ல நேரத்தில் மாமா அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜட்காவில் ஏறி மாம்பலம் போய் வைத்துவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நான் ஜட்கா பிடித்து மாம்பலம் போனேன். சுற்றிலும் காலி மனைகள், நடுவில் அந்த ஒரு வீடு. வாசலில் இத்தனை பெரிய பூட்டு.

"இன்னா சாமி, ஊடு பூட்டிக்கினு கீதே?" என்றான் வண்டிக்காரன்.

எதிர் மனையில் மாடு கட்டியிருந்தவன் வந்தான். "விடியறதுக்கு மின்னாலயே எல்லாரும் கெளம்பிப் பூட்டாங்க சாமி. செங்கல்பட்டுல யாரோ பங்காளி செத்துட்டாராம்."

மூன்று வருஷம் காத்திருந்து வந்த வேலை, கதவுக்கு அந்தப் பக்கம் தேங்காயோடு உட்கார்ந்திருக்கிறது!

"பூட்டை ஒட்ச்சிடலாமா சாமி?" என்றான் வண்டிக்காரன். என் வெட்கக்கேட்டைச் சொல்கிறேன், பூட்டை உடைக்க அது நல்ல நேரம்தானா என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்குள் அவன், "ரயிலுக்கு டைமாச்சு சாமி, குந்து," என்று குதிரையைத் திருப்பிவிட்டான்.

ரயிலில் மாமாவின் யோசனைகளை வரிசையாகக் கடைப்பிடித்தேன். இஞ்சினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கரி கண்ணில் விழாது என்றார், காதில் விழுந்தது. கூஜாவில் எடுத்துப்போன மயிலாப்பூர்க் கிணற்றுத் தண்ணீர் அரக்கோணத்தோடு தீர்ந்துபோயிற்று. சேலத்துத் தண்ணீரைப் பயந்து பயந்து குடித்தேன், தேனாக இருந்தது. "மெட்ராஸ்னு மட்டும் வாயைத் தெறந்து சொல்லாதே, மொட்டை அடிச்சுடுவா," என்று சொல்லியிருந்தார். எந்த ஊர் என்று வண்டிக்காரன் கேட்டபோது செங்கல்பட்டு என்றேன். பாவம், அவன் என் படுக்கையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து சத்திரத்து மாடியில் வைத்துவிட்டுப் போனான். வெளியூரில் பொய் சொல்வது அவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் ஹெட்மாஸ்டர் என்னை அரை மணி நேரம் கேள்வி கேட்டார். வெள்ளைத் தலைப்பாகை, சாந்தமான முகம். ஒளியைப் பற்றிக் கேட்டார், உஷ்ணத்தைப் பற்றிக் கேட்டார், நான் தடுமாறாமல் சொன்னேன். அவருக்குப் பிடித்துவிட்டது என்பது நன்றாகத் தெரிந்தது.

"சர்டிபிகேட்டுகளைக் காட்டுங்கள்," என்றார்.

நடந்ததைச் சொல்லியிருக்கலாம். ஆனால் எப்படிச் சொல்வது? சயன்ஸ் வாத்தியாராக வரப் போகிறவனுடைய சர்டிபிகேட், சூலத்துக்குப் பயந்து மாம்பலத்தில் தங்கிவிட்டது என்றா?

"ரயிலில் திருட்டுப் போய்விட்டது சார்," என்றேன்.

"அடடா!" என்றார் அவர். நிஜமாகவே வருத்தப்பட்டார். "கவலைப்படாதீர்கள். யூனிவர்சிடிக்கு எழுதி நகல் வாங்கிக்கொள்ளலாம். ஒரு மாதம் டயம் தருகிறேன்." பேனாவை மசியில் தோய்த்தார். என் பெயரை எழுதுவதை நான் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷத்தில் அம்மாவுக்குச் சேலத்தில் வீடு பார்த்து அடுப்பும் பற்றவைத்தாயிற்று.

அப்போது பியூன் உள்ளே வந்தான். அவன் பின்னால் ஒரு மனிதர், நெற்றியில் பளிச்சென்று விபூதி, கையில் என் பை. என்னைப் பார்த்து ஏகச் சிரிப்பாகச் சிரித்தார்.

"நீங்கதானே மயிலாப்பூர்லேந்து வந்திருக்கறது? நல்லவேளை, பிடிச்சுட்டேன்! என் மாமனாராத்துல திடீர்னு பங்காளித் தீட்டு. மங்களமா வெச்ச பரஸ்தானம் தீட்டாத்துல இருக்கப்படாது, பொறப்பட்ட பை திரும்பியும் போகப்படாதுன்னுட்டார். மாப்பிள்ளைக்குத் தீட்டு கெடையாதே! நேத்து விடிகாலம் அவா செங்கல்பட்டு கெளம்பறச்சே, ராத்திரி வண்டியிலே ஈரோடு போற என் கையிலே குடுத்து, வழியிலே எறங்கி உங்ககிட்ட சேத்துடச் சொன்னார். உங்க மாமாவுக்குக் கார்டும் போட்டுட்டார்."

மேஜைமேல் பையை வைத்துவிட்டு, வண்டிக்கு நேரமாயிற்று என்று அந்தப் புண்ணியவான் போய்விட்டார்.

ஹெட்மாஸ்டர் பையைத் திறந்தார். வேஷ்டி, மஞ்சள் துணியில் தேங்காய், அடியில் உறை. உறையைப் பிரித்து ஒவ்வொரு தாளாக நிதானமாகப் படித்தார். எல்லாவற்றையும் மறுபடி உறையில் போட்டு என் பக்கம் தள்ளினார்.

"திருடன் ரொம்ப ஆசாரசீலன் போலிருக்கிறது," என்றார். "சூலம் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை மிஸ்டர். நானும் பார்க்கிறவன்தான்." பாதி எழுதிய தாளை நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

ஊருக்குத் திரும்பினபோது மாமா வாசலிலேயே நின்றிருந்தார். கையில் அந்த மாம்பலத்துக் கார்டு. "பை வந்து சேர்ந்ததோன்னோ? காயா பழமா?" என்றார்.

உண்மையைச் சொல்ல எனக்கு அது இரண்டாவது சந்தர்ப்பம். அம்மா கதவோரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வந்தது. எல்லாம் முடிஞ்சப்புறம் வந்தது," என்றேன். "சர்டிபிகேட்டும் அதுக்குள்ளேதானே இருந்தது. உங்க பரஸ்தானத்தாலே வேலை போச்சு மாமா."

சர்டிபிகேட்டை அதற்குள் வைத்தது யார் என்று அவர் கேட்கவே இல்லை. கார்டை மடித்து மடியில் சொருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு குளத்தங்கரையில் யார் எந்த ஊருக்குப் போனாலும் மாமா வாயைத் திறக்கவில்லை. கைடைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டார். நானும் அம்மாவும் இன்னும் இரண்டு வருஷம் அவர் சாதத்தைத்தான் சாப்பிட்டோம். அப்போதும் அவர் முகம் கோணவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் காலமாகும்வரை சொல்லவில்லை.

கடைசியில் நெல்லூரில் ஒரு ஆபீசில் எனக்கு வேலை கிடைத்தது. கிளம்பின தினம் செவ்வாய்க்கிழமை. வடக்கே சூலம், எனக்கே தெரியும். பெட்டியை ஜட்காவில் ஏற்றிவிட்டு மாமாவின் எதிரில் போய் நின்றேன். ஏதாவது சொல்லமாட்டாரா, போகாதேடா என்றாவது கத்தமாட்டாரா என்று இருந்தது.

"நெல்லூர் எப்படி மாமா? தண்ணி கிண்ணி ஒத்துக்குமா?" என்று நானே கேட்டேன்.

மாமா தெருவைப் பார்த்தார். "எனக்கு என்னடா தெரியும்? நான் எங்கே போயிருக்கேன்?" என்றார். "பாத்துப் போ."